உச்சி வெயிலில் பாடிய பெட்டி

திருட்டுப் போனது யாருடைய பொருள் என்று தெரிந்ததும் பூமாலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பறியும் நிலையத்தில் உதவியாளனாக இருப்பவன், புகார் சொல்ல வந்தவர் முன்னால் அப்படிச் சிரிக்கலாமா? சட்டென்று அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"இருமல் ஜாஸ்தியா இருந்தா கீழ போய் ஒரு சோடா குடிச்சிட்டு வா" என்றாள் தங்கமணி, அவன் பக்கம் திரும்பாமலே.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் உரக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவளுடைய அலுவலகம். போலீசில் ஏட்டாக இருந்தவள். மேலதிகாரி ஒருவர் சொன்ன பொய்க்குச் சாட்சி நிற்க மறுத்து வேலையை உதறிவிட்டு வந்தவள். வேர்க்கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே எதிராளியைப் பேசவிடுவாள். சொல்ல நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டோம் என்பது மாடிப்படி இறங்கும்போதுதான் வந்தவருக்கு உறைக்கும்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ஆதிமூலம். ‘ஆதி இன்னிசைக் குழு’வின் முதலாளியும் அவர்தான், முதன்மைப் பாடகரும் அவர்தான். அந்தச் சித்திரை வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். மேசை மேல் வைத்திருந்த கலர் சோடாவைத் தொடவில்லை.

"குளிர்ந்தது எதுவும் தொண்டையில எறங்காதுங்க மேடம். வெந்நீர்தான். வூட்ல ஃப்ரிட்ஜ் வாங்குனதே பொஞ்சாதி தொல்லை தாங்காமத்தான்" என்று தன் பிளாஸ்கைத் திறந்தார்.

"சரி, பெட்டியப் பத்திச் சொல்லுங்க."

"கச்சிராயபாளையத்துல திருவிழாக் கச்சேரி. முடிஞ்சு சாமான்லாம் வேன்ல ஏத்திக்கினு இருக்கோம். எங்க கிடார்காரன் மாயவன் கிடாரை உறையில போட்டுட்டுத் திரும்பறான், கிடார்ல மாட்டி வாசிக்கிற சத்தப் பெட்டியைக் காணோம். மேடைக்கு அடியில, ஸ்பீக்கருக்குப் பின்னால, எல்லா எடமும் தேடியாச்சு."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் இன்னா சந்தேகம்? ஆளே தெரியும். சங்கராபுரத்துல சின்னராசுன்னு ஒருத்தன், வேற குழுவுல கிடார் வாசிக்கிறான். எங்க கச்சேரின்னா மேடைக்குப் பின்னால வந்து நின்னுக்கினு இருப்பான். பெட்டி போன அதே வாரம் தியாகதுருகத்துல ஒரு கல்யாணம். பந்தியில உக்காந்து சாப்ட்டுக்கினு இருக்கேன், மேடையில அதே சத்தம்! பாத்தா, சின்னராசு வாசிக்கிறான். எலையில கை வெச்சவன் அப்படியே எந்திரிச்சிட்டேன்."

"அதே சத்தந்தானா?"

"எங்குழுவுல எவன் சுருதி நூல் அளவு வெலகினாலும் எனக்குத் தெரியும் மேடம். ரெண்டு வருசமா எங்காதுகிட்ட கத்துன பெட்டி. தெரியாமப் போவுமா?"

தங்கமணி ஒரு கடலையை உடைத்தாள்.

ஆதிமூலத்தைப் படிவரை கொண்டுவிட்ட பூமாலையின் தோளில் அவர் கை போட்டார். "நீ இங்க இருக்கன்னுதாம்ப்பா இந்த எடத்துக்கு வந்தேன். வேற எங்கயும் போவத் தோணல" என்றார். பூமாலைக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்தது.

விரியக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஆதிமூலத்தின் குழுவில் கிடார் வாசித்தவன் பூமாலைதான். தெற்கே விருத்தாசலம், வடக்கே திருக்கோவிலூர் வரைக்கும் திருவிழா மேடைகளில் அவனுக்கென்று விசிலடிக்க ஒரு கூட்டம் இருந்தது. அப்போதுதான் வெள்ளிமலையிலிருந்து மாயவன் இறங்கி வந்தான். மலையில் ஒயர்மேன் வேலை பார்ப்பவன். கையில் ஒரு கிடார், இன்னொரு கையில் அலுமினிய டிபன் பெட்டி. பெட்டியின் மூடியில் ஒரு சுவிட்ச். லாரி டிரைவர் முகப்பு விளக்கைத் தாழ்த்த இடது காலால் மிதிப்பாரே, அதே சுவிட்ச். மாயவன் அதை மிதித்தான். டிங் டிங் என்று கொட்டிக்கொண்டிருந்த கிடார் திடீரென்று நாகஸ்வரத்துக்கும் லாரி எஞ்சினுக்கும் பிறந்த பிள்ளைபோல் கொர்ர்ர் என்று இழுத்துப் பாடியது. முன்வரிசைப் பெருசுகள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள்.

அதற்கு ஃபஸ் என்று பெயராம். அறுபதுகளில் வெள்ளைக்காரப் பையன்கள் வாசித்த சத்தமாம். பழைய ரேடியோக்களின் வயிற்றைக் கிழித்து, அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் இரண்டைப் பொறுக்கி, மாயவன் தன் வீட்டிலேயே பற்றவைத்துச் செய்தது. ஊர்க்காரர்கள் வாயில் அது ‘கொர்ருப் பெட்டி’ ஆனது. அடுத்த கச்சேரிக்கு முன்னால் ஆதிமூலம் பூமாலையைத் தனியே அழைத்து, "ஒரு மேடையில ரெண்டு கிடார் எதுக்குப்பா?" என்றார். அன்று அலமாரி மேல் ஏறிய பூமாலையின் கிடார் இன்னும் இறங்கவில்லை.

அந்தப் பெட்டி போய்விட்டதாம். இருமல் வராமல் என்ன செய்யும்?

"வண்டிய எடு" என்றாள் தங்கமணி. "மொதல்ல சங்கராபுரம்."

* * *

சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னராசு ஒரு கேசட் கடை வைத்திருந்தான். மேலே தகரக் கூரை. பகல் சாப்பாட்டு நேரம். உள்ளே நுழைந்ததும் உடம்பில் வேர்வை ஊற்றெடுத்தது. ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த பூமாலை, "யக்கா, இட்லி அவிக்கணும்னா இவங்கிட்ட மாவு குடுத்தாப் போதும்" என்றான்.

அவர்களைப் பார்த்ததும் சின்னராசு கடையில் ஓடிய பாட்டை நிறுத்தினான். கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"பாருங்க. எல்லாரும் வந்து பாத்துட்டாங்க. உங்களுக்கு மட்டும் எதுக்குக் கொறை?"

"இது டிபன் பெட்டி இல்லையே" என்றாள் தங்கமணி.

"நாஞ்செஞ்சதுங்க. டிபன் பெட்டி அவன் செஞ்சது."

மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே நான்கைந்து நிற வளையம் போட்ட பொடிச் சாமான்கள், ஒரு பேட்டரி, மூன்று கால் முளைத்த கறுப்பு மிளகுபோல் இரண்டு டிரான்சிஸ்டர்கள். எல்லாம் புத்தம் புதுசு.

"உள்ளாற இருந்ததை எடுத்து வேற டப்பாவுல மாத்திட்டியாப்பா?" என்றான் பூமாலை. "மாப்பிள்ளைக்கு வேட்டி மாத்துன மாதிரி?"

சின்னராசு அவனை முறைத்தான். "உனக்குத் தெரியாதா பூமாலை? நீயும் கிடார்காரன்தானே? கேட்டுட்டுச் சொல்லு."

கிடார் ஒயரைச் செருகி, டப்பாவின் பித்தானை அழுத்தி, ஒரு வரி வாசித்தான். தகரக் கூரை அதிர்ந்தது. தெருவில் போன ஆடு ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது.

பூமாலைக்கு முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. இது வேறு. மாயவனின் சத்தம் பனைவெல்லம். உள்ளே இறங்கி நின்று கசிந்து இனிக்கும். இது சீனி. பளிச்சென்று தித்தித்துவிட்டு நாக்கில் கூசியது.

"இன்னா சொல்ற?" என்றாள் தங்கமணி. "நீதான் மாயவன் வாசிச்சதக் கேட்டிருக்க. அதேவா?"

பூமாலை சோப்பு டப்பாவைப் பார்த்தான். இது வேறு என்று சொன்னால், மாயவனின் பெட்டியைத் தேடி இன்னும் ஊர் ஊராய் அலைய வேண்டும். ஒருவேளை கிடைத்தும் தொலைக்கும்.

"அதே மாதிரிதான் இருக்குக்கா" என்றான்.

சின்னராசு கிடாரைக் கீழே வைத்தான். "அந்தக் கல்யாணப் பந்தலுங்கூட இப்படித் தகரம்தாங்க மேடம். உச்சி வெயில். பந்தி நடந்துக்கினு இருக்கு, டிரம்ஸ்காரன் மயங்கியே வுழுந்துட்டான். இந்த டப்பா மட்டும் கம்முனு வேலை செஞ்சுது. கீழ எறங்குறேன், ஆதிமூலம் வந்து சட்டையப் புடிச்சாரு. கல்யாணக் கூட்டத்துல, எம்மாமனார் பாக்கறாரு, திருடன்னாரு. அதுலேருந்து எந்தக் கோயில் கமிட்டியும் எங்குழுவைக் கூப்புடறதில்ல. கூப்ட்டவங்களும் வேணாம்னுட்டாங்க. எங்கூட வாசிக்கிறவங்க எம்மூஞ்சியப் பாக்கறதில்ல."

"மேடைக்குப் பின்னால போய் நிப்பியாமே?"

"நிப்பேன். இல்லன்னு சொல்லல." சின்னராசு தலையைக் குனிந்துகொண்டான். "அவன் வாசிச்சதக் கேட்ட அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. திருடிடலாமான்னுகூடத் தோணுச்சு. ஆனா திருடினா அது அவன் சத்தமாத்தானே இருக்கும்? எஞ்சத்தம் ஆவாதே. அந்த வவுத்தெரிச்சல்லதான் இதச் செஞ்சேன்."

தங்கமணி எழுந்தாள். வெளியே வந்து வண்டியில் ஏறினாள். ஏறியதும், "மலைக்குப் போ" என்றாள்.

"மலைக்கு எதுக்குக்கா? ஆளு இங்க இருக்கான்."

"போன்னா போ."

* * *

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைச் சுற்றிக்கொண்டு வண்டி கல்வராயன் மலையில் ஏறியது. கொண்டை ஊசி வளைவுகளில் ராஜ்தூத் மூச்சு வாங்கியது. மேலே போகப் போகக் காற்று மாறியது. வேர்வை காய்ந்து, சட்டைக்குள் குளுகுளுவென்று புகுந்தது.

வெள்ளிமலையில் மாயவனின் வீட்டு முன்னறையில் செத்த ரேடியோக்கள் குவிந்து கிடந்தன. அவற்றின் நடுவே, முகத்தில் தாடியோடு அவன் உட்கார்ந்திருந்தான். பூமாலையைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டான். அந்தக் கும்பிடு பூமாலைக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

"வாங்கண்ணா. நீங்க கண்டுபுடிச்சிடுவீங்கன்னு அண்ணன் சொன்னாரு."

"எந்த அண்ணன்?" என்றாள் தங்கமணி.

"ஆதிமூலம் அண்ணாதாங்க. நான் போலீசுக்குப் போறேன்னுதான் நின்னேன். குழுவுல எல்லாரு வூட்டையும் அவங்க தேடட்டும்னேன். அண்ணந்தான் வேணாம், கள்ளக்குறிச்சியில நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான், அவன் பாத்துக்குவான்னுட்டாரு."

"நம்ம ஆளுன்னா நானா?"

"இல்லீங்க." மாயவன் பூமாலையைக் கைகாட்டினான். "இவரு."

பூமாலை மீசையைத் தடவிக்கொண்டான். தங்கமணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அது என்ன பார்வை என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

மாயவனின் மனைவி கமலா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "நல்லாத் தேடுங்கம்மா" என்றாள். "கெடைச்சாத்தான் இந்த மனுசன் சோறு தின்னுவாரு. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ நெத்தியில ஒரு துணி போட்டதில்ல. அந்தப் பெட்டிக்கு மட்டும் தெனம் ஈரத்துணி."

"ஈரத்துணியா? எதுக்கு?"

மாயவன் முகத்தில் முதன்முறையாக உயிர் வந்தது. மூலையிலிருந்து ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டின்னை எடுத்தான். "இது மூத்ததுங்க. டிபன் பெட்டிக்கு முன்னாடி செஞ்சது. சத்தம் அவ்வளவு நல்லா இருக்காது, ஆனா குணம் ஒண்ணுதான். பழைய ரேடியோவுல இருக்கிறது ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். இப்ப வர்றதெல்லாம் சிலிக்கான். ஜெர்மானியத்துல வர்ற அந்தக் கனிவு சிலிக்கான்ல வராது. ஆனா ஒண்ணு, ஜெர்மானியத்துக்குச் சூடு ஆவாது. விரலால தொட்டாலே மீட்டர் முள்ளு ஓடும். இந்த ரேடியோ அத்தனையும் பிரிச்சுத் தேடித்தான் ஒரு ஜோடி அமைஞ்சுது."

கிடாரை மாட்டி வாசித்துக் காட்டினான். பிஸ்கட் டின் கனத்த குரலில் பாடியது. பூமாலை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தங்கமணி எழுந்து டின்னை ஒயரோடு தூக்கிப்போய்க் கமலாவின் விறகடுப்பு ஓரமாக வைத்தாள். "வாசி."

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு குரல் உடைந்தது. இழுத்த சுரம் பாதியிலேயே தொண்டை அடைத்து, கர்புர்ரென்று துப்பி, செத்தது. கமலா ஈரத்துணியை நனைத்து அதன்மேல் போட்டாள். டின் மெல்ல மெல்ல மறுபடி பாட ஆரம்பித்தது.

"கச்சிராயபாளையத்துல எப்படிச் சமாளிச்ச?"

"ஈர மணல் போட்ட பானைக்குள்ளதாங்க வெச்சிருப்பேன். பொழுது சாஞ்சு, அணைக்காத்து வந்தப்புறம்தான் வெளிய எடுப்பேன். மதியக் கச்சேரி நாங்க ஒத்துக்கறதே இல்ல. அண்ணனுக்கு அதுல வருத்தம்தான். ‘உம்பெட்டிக்கு வெயில் ஆவாதுன்னு நான் கல்யாணக் கச்சேரியெல்லாம் வுட்டுக்கினு இருக்கேன்’னு வாரம் ஒருக்கா சொல்லிக் காட்டுவாரு."

தங்கமணி தேநீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "சின்னராசு வாசிச்சது எந்நேரம்னு ஆதிமூலம் உங்கிட்டச் சொன்னாரா?"

"கல்யாணத்துல வாசிச்சான்னாருங்க. சாயங்கால ரிசப்ஷனா இருக்கும்னு நெனச்சேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. பொண்டாட்டிக்கும் ஒரு ஈரத்துணி வாங்கி வையி" என்று சொல்லிவிட்டுத் தங்கமணி கிளம்பினாள்.

* * *

மூன்றாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கீழே கோமுகியின் தண்ணீர் வெயிலில் தகரம்போல் மின்னியது.

"சின்னராசு டப்பாவுல வந்தது வேற சத்தம்னு உனக்கு அங்கயே தெரியும்."

பூமாலை வண்டியின் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்கறேன்ல."

"தெரியும்க்கா."

"அப்புறம் ஏன் அதேன்னு சொன்ன?"

"அவன் பெட்டி கெடைக்கக் கூடாதுன்னு நெனச்சேன்." சொல்லும்போதே முகம் சுட்டது அவனுக்கு. "வேலைய வுட்டு நிறுத்திடுங்க. பரவாயில்ல."

"நிறுத்தறது அப்புறம். இப்ப யோசி. ஒன் காதுக்கு மொத சுரத்துலயே தெரிஞ்சுது. ரெண்டு வருசம் பக்கத்துல நின்னு பாடுன ஆதிமூலத்துக்குத் தெரியாதா?"

"தெரியணும்."

"உச்சி வெயில்ல, தகரப் பந்தலுக்குக் கீழ, டிரம்ஸ்காரனே மயங்கி வுழுந்த எடத்துல, மாயவனோட பெட்டி பாடுமா?"

"பாடாது. துப்பும்." பூமாலை மெல்ல நிமிர்ந்தான். "அதும் அவருக்குத் தெரியும். வாரம் ஒருக்கா சொல்லிக் காட்டுறவருதானே."

"அப்ப, அது மாயவன் பெட்டி இல்லன்னு நல்லாத் தெரிஞ்சே ஒருத்தன் சட்டையப் புடிச்சிருக்காரு. எதுக்கு?"

பூமாலை அவள் பக்கம் திரும்பினான். "நெசமான பெட்டி எங்க இருக்குன்னு யாரும் தேடாம இருக்க."

"வண்டிய எடு. எனக்குத் தாகமா இருக்கு. ஆதிமூலம் வூட்ல ஐஸ் தண்ணி குடிக்கலாம்."

* * *

கள்ளக்குறிச்சியில் ஆதிமூலத்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆதிமூலம் கூடத்தில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அமிர்தம் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள்.

"வெயில்ல அலைஞ்சிட்டு வர்றோம்மா" என்றாள் தங்கமணி. "குளுகுளுன்னு ஒரு சொம்பு தண்ணி குடுங்க. ஃப்ரிட்ஜ்தான் இருக்கே."

அமிர்தத்தின் முகம் சுருங்கியது. "அதை ஏங்க கேக்கறீங்க! திருவிழாக் கச்சேரி முடிஞ்சு வந்ததுலேருந்து ஃப்ரிட்ஜைப் பூட்டி சாவிய இடுப்புல சொருவிக்கினு திரியறாரு. வெளிய வெச்சிருந்த மாவு புளிச்சே போச்சு. தொறந்தா குளுரு வெளிய போவுதாம். குளுந்த தண்ணியே குடிக்காத மனுசருக்கு குளுரு மேல அப்படி இன்னா அக்கறைன்னு தெரியல."

ஆர்மோனியத்தின் துருத்தி ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு அடங்கியது.

"சாவியக் குடுங்க" என்றாள் தங்கமணி.

ஆதிமூலம் அசையவில்லை. தங்கமணி கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்; கொடுத்தது தங்கமணியிடம் அல்ல, பூமாலையிடம்.

பூமாலை பூட்டைத் திறந்தான். வெள்ளைப் புகையாகக் குளிர் முகத்தில் அடித்தது. தட்டில் கருவேப்பிலைக் கட்டுக்கும் தயிர்க் கிண்ணத்துக்கும் நடுவே, பூத்துவாலையில் சுற்றி, பிறந்த குழந்தையைப்போல் படுத்திருந்தது அலுமினிய டிபன் பெட்டி.

அமிர்தம் வாயில் கைவைத்தாள். "அடப்பாவி மனுசா, மாயவன் புள்ளையோடதா?"

"ஒடைச்சிருக்கலாம்" என்றார் ஆதிமூலம். பாடும் குரலில்லை அது. "கோமுகியில எறியத்தான் எடுத்தேன். கரை மேல வேன நிறுத்தி எறங்குனேன். கை வரல. இருபத்தஞ்சு வருசமாப் பாடறேன் மேடம். கச்சேரி முடிஞ்சா ஜனங்க எங்கிட்ட வந்து கையப் புடிச்சிக்கினு அழுவாங்க. இவன் வந்தப்புறம் எல்லாரும் என்னைத் தாண்டிப் போயி அந்த டிபன் பெட்டியத் தொட்டுப் பாக்கறாங்க. டிபன் பெட்டிய! ஒரு கெழவி அதுக்குத் திருநீறு வெச்சிட்டுப் போச்சு."

"வெச்சிருந்து இன்னா செய்யலாம்னு நெனச்சீங்க?"

அவர் கண்ணைத் தாழ்த்தினார். "மைக்கை இதுல சொருவிப் பாடிப் பாத்தேன். எங்குரலுக்கு அந்தச் சத்தம் வந்துடாதான்னு."

"வந்துதா?"

"நாய் குலைச்ச மாதிரி இருந்துது."

யாரும் சிரிக்கவில்லை. பூமாலைக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை.

"நாளைக்குப் பொழுது விடிஞ்சதும் சங்கராபுரம் போறீங்க" என்றாள் தங்கமணி. "சின்னராசு வூட்ல, அவன் மாமனார் முன்னால, அவன் திருடன் இல்ல, நாந்தான்னு சொல்றீங்க. எந்தெந்தக் கோயில் கமிட்டிக்கிட்ட அவனைப் பத்திப் பேசுனீங்களோ, அவங்ககிட்டயும் ஒங்க வாயாலயே போய்ச் சொல்றீங்க. ஒண்ணு வுட்டாலும் நான் ஸ்டேஷனுக்குப் போவேன். அங்க எனக்கு இன்னும் ஆளுங்க இருக்காங்க."

ஆதிமூலம் தலையசைத்தார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியலண்ணா" என்றான் பூமாலை. பெட்டியைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போயிருந்தன. "போலீசுக்குப் போவாம இருக்க ஒரு ஆளு வேணும், சரி. கடலூர்ல இல்லையா, விழுப்புரத்துல இல்லையா? ஏன் எங்ககிட்ட வந்தீங்க?"

ஆதிமூலம் அவனை நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் ஒரு பரிவு இருந்தது. அதுதான் பூமாலைக்குத் தாங்க முடியவில்லை.

"உன்னாலதாம்ப்பா. இந்த ஜில்லாவுல அந்தப் பெட்டி கெடைக்கக் கூடாதுன்னு என்னை மாதிரியே நெனைக்கிறவன் நீ ஒருத்தன்தானே? நீ தேட மாட்டேன்னு நம்பித்தான் வந்தேன்."

தோளில் விழுந்த கை, நம்ம ஆளு என்ற பெருமை, தடவிக்கொண்ட மீசை எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பூமாலைக்குக் காது மடல் எரிந்தது. சங்கராபுரத்தில் அவர் நம்பியபடியேதானே அவன் நடந்துகொண்டான்?

ஆதிமூலம் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல. திருடன் நாந்தான்னு சொல்லிடறேன். அவமானம் என்னோட போவட்டும். ஆனா பெட்டி ஒடைஞ்சு போச்சுன்னு சொல்லிடுவோம். இந்த மாதிரி ஜோடி இன்னொண்ணு அவனுக்கு அமையாது. வர்ற வைகாசியில ஒன் கிடாரோட மேடைக்கு வா. ஒன் எடம் உனக்கு. நீ வாசிக்க, நான் பாட, பழையபடி இருப்போம்."

பூமாலை தங்கமணியைப் பார்த்தான். அவள் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க இருக்குன்னு கண்டுபுடிக்கிறதுதான் என் வேலை. கண்டுபுடிச்சாச்சு. நான் வண்டிகிட்ட நிக்கறேன்" என்று வெளியே போய்விட்டாள்.

டிபன் பெட்டி கனமே இல்லை. கல் தரையில் ஒருமுறை ஓங்கிப் போட்டால் போதும். இரண்டு வருடமாக அவன் கனவில் பலமுறை போட்டும் இருக்கிறான். பழைய விசில்கள் காதில் கேட்டன. கூடவே, தகரக் கடையில் தலைகுனிந்து நின்ற சின்னராசுவின் குரலும் கேட்டது: அது எஞ்சத்தம் ஆவாதே.

பூத்துவாலையை இழுத்து மூடினான்.

"அக்கா" என்று அமிர்தத்தைப் பார்த்துச் சொன்னான், "கொஞ்சம் ஐஸ்கட்டி இருந்தா ஒரு பையில போட்டுக் குடுங்க. நாளைக்கு மலையேறுற வரைக்கும் இது தாங்கணும்."

* * *

மறுநாள் காலை. வெள்ளிமலையில் மாயவன் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ஜோடியைப் பார்த்து, பிறகுதான் மூச்சுவிட்டான். கமலா சிரித்தாள், அழுதாள், உள்ளே போய்த் தோசைக் கல்லை அடுப்பில் போட்டாள். தங்கமணி முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலையை உடைக்க ஆரம்பித்தாள்.

"ஒங்களுக்கு நான் இன்னாண்ணா செய்யறது?" என்றான் மாயவன்.

"ஒண்ணும் வேணாம். உன்ன எனக்குப் புடிக்காது. அத மட்டும் தெரிஞ்சிக்க" என்றான் பூமாலை. சொல்லிவிட்டுக் கிடாரைப் பார்த்தான். "ஒரு தடவை நான் மிதிச்சுப் பாக்கறேன்."

மாயவன் கிடாரை எடுத்துக் கொடுத்தான்.

இரண்டு வருடமாகக் கம்பி தொடாத விரல்கள். முதலில் தடவித் தடவித்தான் போயின. பிறகு பூமாலை சுவிட்சை மிதித்தான். மலைக்காற்றில் நன்றாகக் குளிர்ந்திருந்த பெட்டி அவன் விரலுக்கடியில் உறுமி எழுந்தது. திருவிழா மேடைகளில் வேகமாகக் கொட்டி வாசித்தே பெயர் வாங்கியவன் அவன். இந்தப் பெட்டி அவசரப்பட விடவில்லை. ஒரு சுரத்தை எடுத்தான், விட மனம் வராமல் இழுத்தான், கம்பியை மேலே தள்ளி இன்னொரு சுரத்தோடு உரசவிட்டான். அது அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. இரண்டு வருடமாக அலமாரி மேல் கிடந்ததெல்லாம் ஒரு வரியாக வெளியே வந்தது. முற்றத்தில் கடலை உடைபடும் சத்தம் நின்றது. கமலா தோசைக் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னொருக்கா வாசிங்கண்ணா" என்றாள் கமலா. "அந்தக் கடைசியில வந்துதே, அதை."

பூமாலை வாசித்தான். நிமிர்ந்து பார்த்தபோது மாயவனின் முகம் கண்ணில் பட்டது. உதடு சிரித்துக்கொண்டிருந்தது, கண் சிரிக்கவில்லை. அந்தக் கண் பூமாலையின் விரல்களையே விழுங்குவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை எப்படிப்பட்டது, அது வயிற்றில் எந்த இடத்தில் சுடும் என்று பூமாலைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"போதும்ண்ணா. பெட்டி சூடாயிடும்" என்று மாயவன் கிடாருக்குக் கையை நீட்டினான்.

பூமாலை சந்தோஷமாகக் கழற்றிக் கொடுத்தான். படியிறங்கி வண்டிக்குப் பக்கத்தில் வந்தவனை மாயவன் பின்னாலேயே ஓடிவந்து பிடித்தான்.

"அண்ணா... அந்தக் கடைசி வரி. ரெண்டு கம்பிய ஒண்ணா தள்ளி எப்படி வாசிச்சீங்க?"

பூமாலை ராஜ்தூத்தை உதைத்துக் கிளப்பினான்.

"சொல்ல மாட்டேன்" என்றான்.